பொதுப் பணமும் பந்தி வரிசையும்

பம்பாய்த் தமிழர்களுக்குத் தாராவியைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் தோல் பதனிடும் தொழிலை நாடிச் சென்ற நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்துவரும் இடம் அது. 1975ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள், இந்திய அரசாங்கம் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, நாடு முழுவதிலும் தேர்ந்தெடுத்த இடங்கள் 33 மட்டுமே. அம்முப்பத்து மூன்றில் தாராவியும் ஒன்று.

அங்கன்வாடி என்று இன்று யாவரும் அறிந்த நிலையம் இத்திட்டத்தின் குழந்தைதான். அது செய்ய வேண்டிய பணிகள் ஆறு. இணையுணவு வழங்குதலும், தடுப்பூசி போடுதலும், உடல்நிலை ஆய்தலும் நம் கண்ணுக்குத் தெரியும். ஆறனுள் ஒன்று மட்டும் எளிதில் புலப்படுவதில்லை. 15 வயது முதல் 45 வயது வரையுள்ள பெண்களுக்கு உணவின் சத்துக்களைப் பற்றியும் சுகாதாரத்தைப் பற்றியும் கற்பித்தல் என்பதே அது. மாவை நிறுத்துப் பார்க்கலாம். குழந்தையின் எடையையும் நிறுத்துப் பார்க்கலாம். ஒரு தாய்க்குச் சொல்லப்பட்ட பாடத்தை நிறுப்பதற்குத் தராசு ஏது? ஆகவே, சோற்றில் காட்டும் பாகுபாடு விரைவில் வெளிப்பட்டுவிடுகிறது. போதனையில் காட்டும் பாகுபாடோ பல காலம் மறைந்தே கிடக்கிறது. இரண்டையும் தடுக்க முயன்ற வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்ப்போம்.

பொதுப் பணத்தால் நடப்பது பொதுமக்கள் அனைவருக்கும் உரியது என்னும் கொள்கை இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால், அதைச் சட்டசபையில் தீர்மானமாகக் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. 1923ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பம்பாய்ச் சட்டசபையில் சீதாராம் கேசவ் போலே என்பவர், பொதுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் குளங்கள், கிணறுகள், சத்திரங்கள், பள்ளிகள், மருந்தகங்கள் ஆகியவற்றைத் தீண்டாதார் எனப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை நிறைவேற்றினார். மறு ஆண்டில் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் இதே போன்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து வெற்றி கண்டார். தீர்மானம் தாளில் நின்றதா, தெருவில் நடந்ததா என்பது வேறு கேள்வி. மகாட் நகரசபை தன் குளத்தை யாவருக்கும் திறந்துவிட்டதாக 1924இல் அறிவித்திருந்தும், 1927 மார்ச் 20ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் சென்று நீரள்ளிப் பருகிய பின்னரே அவ்வறிவிப்பிற்குப் பொருள் உண்டாயிற்று. அதன் பொருட்டு அம்மக்கள் அன்றே அடியும் பட்டார்கள்.

அதே ஆண்டுகளில் தென்கோடியில் எழுந்த வழக்கு ஒன்று நமது பொருளுக்கு மிகவும் நெருங்கியது. திருநெல்வேலி ஜில்லாவிலுள்ள சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் தமிழ்க் குருகுலம் ஒன்றை நடத்தி வந்தார். தேசிய உணர்ச்சியும் தாய்மொழிக் கல்வியும் கைத்தொழிலும் ஒன்றுசேரப் பயிற்றும் நிலையம் என்று பலர் அதைப் போற்றினர். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதலில் ஐயாயிரம் ரூபாயைக் கொடுத்தது. சாதி பேதமின்றிப் பலரும் நன்கொடை அளித்தனர். ஆனால் உணவு வேளையில், பிராமணச் சிறுவர் சிலர் தனியே அமர்ந்து உண்டனர். செய்தி வெளிவந்ததும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் கண்டனக் குரல் எழுப்பினர். எஞ்சிய பணத்தைக் கொடுக்க மறுப்பும் வந்தது.

ஐயர் இழிந்த உள்ளம் படைத்தவர் அல்லர். கம்பனை ஆய்ந்தவர், நாட்டிற்காக வெளிநாடுகளில் அலைந்தவர். பெற்றோர் சிலருக்குத் தாம் முன்னரே கொடுத்துவிட்ட வாக்கைக் காப்பதாக அவர் எண்ணினார். இங்குதான் இவ்வழக்கின் சாரம் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். பாகுபாடு எப்போதும் வெறுப்பின் வடிவில் வந்து நிற்பதில்லை. யாரோ ஒருவருக்குக் கொடுத்த வாக்காகவும், பழைய வழக்கமாகவும், சிறு விதிவிலக்காகவும் வந்து பந்தியில் அமர்ந்துவிடுகிறது. காந்தியடிகள் சமரசம் கூறியும் பூசல் அடங்கவில்லை. பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்னும் தீர்மானத்தைக் கமிட்டி 1925இல் நிறைவேற்றியது. அதை ஏற்காத உறுப்பினர் சிலர் விலகினர். அவ்வாண்டு ஜூன் திங்களில், பாபநாசம் அருவியில் தம் மகளைக் காப்பாற்ற முனைந்து ஐயர் உயிர் நீத்தார்.

குடியரசான பின்னர், அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 29ஆம் பிரிவோ, அரசாங்கம் நடத்தும் கல்வி நிலையத்திலும் அரசாங்கப் பணம் பெறும் கல்வி நிலையத்திலும் சமயம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி யாருக்கும் இடம் மறுத்தல் ஆகாது என்றது. மொழி என்னும் சொல் அங்கே இடம் பெற்றிருப்பதை வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஓரடி முன்னே சென்றது. சேர்க்க மறுப்பது மட்டுமன்று, சேர்த்துக்கொண்ட பிறகு வேறுபாடு காட்டுவதும் குற்றமே என அது விதித்தது. சேரன்மாதேவியில் எந்தச் சிறுவனையும் வாயிலில் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டன்று. உள்ளே விட்ட பிறகு தனி வரிசை போட்டார்கள் என்பதே. முப்பது ஆண்டுகள் கழித்து அதற்குரிய சொற்கள் சட்டத்தில் ஏறின.

பள்ளியில் உணவு அளிக்கும் வழக்கம் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. 1920இல் சென்னை நகராண்மைக் கழகம், பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவன் ஒருவனுக்கு ஓரணாவிற்கு மேற்படாத செலவில் சிற்றுணவு வழங்கத் தீர்மானித்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலமெங்கும் பரவியது, 1982இல் எம். ஜி. ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். இவையெல்லாம் நேயர்கள் அறிந்த செய்திகள்; ஆகையால் விரிக்கவில்லை. ஒன்று மட்டும் கூறுவேன். ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே சோற்றை உண்பதே ஒரு பாடம். ஆசிரியர் வாய் திறவாமலே நடக்கும் பாடம் அது. வரிசை பிரிந்தால் பாடமும் தலைகீழாகிவிடும்.

2001இல் தொடுக்கப்பட்ட உணவுரிமை வழக்கில், உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பர் 28ஆம் நாள், அரசுத் தொடக்கப் பள்ளிகள் யாவற்றிலும் சமைத்த உணவு வழங்க வேண்டும் என ஆணையிட்டது. ஆணை பரவத் தொடங்கிய காலத்தில், 2003இல், தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களின் 531 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. சுகதேவ் தோரட், ஜோயல் லீ ஆகிய இருவரும் அதன் முடிவுகளை 2005இல் வெளியிட்டனர். தனித்து அமர்த்துதல், தாழ்த்தப்பட்டோர் சமைக்கலாகாது என்று தடுத்தல், அவர்கள் குழந்தைகள் சென்று சேர இயலாத ஊர்ப் பகுதியில் உணவு வழங்குதல் ஆகிய குறைகள் அதில் பதிவாயின. நம் மாநிலம் வழிகாட்டி என்று பெருமை கொள்ளும் நாம் அப்பட்டியலில் நம் பெயரும் இருப்பதை மறைக்க வேண்டுவதில்லை.

சமைக்கும் கை யாருடையது என்னும் கேள்விக்கு நீதிமன்றம் 2004 ஏப்ரலில் விடை கூறியது. சமையற்காரரையும் உதவியாளரையும் நியமிப்பதில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் முதலிடம் தரவேண்டும் என்பது அவ்விடை. ஆயினும் 2018இல் திருப்பூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண்மணி சமைக்கலாகாது எனப் பெற்றோர் சிலர் தடுத்தனர். அதிகாரிகள் அவரை வேறிடத்திற்கு மாற்றி, எதிர்ப்பு எழுந்த பின்னரே அம்மாறுதலைத் திரும்பப் பெற்றனர். 2021 டிசம்பரில் உத்தராகண்டத்தின் சம்பாவத் மாவட்டத்திலும் இப்படியே நடந்தது. அங்கே வேலையிழந்த பெண்ணுக்காக, தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் மற்றொரு சமையற்காரி ஆக்கிய சோற்றை உண்ண மறுத்தார்கள். பின்னர் அப்பெண்ணுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

இனி, பாடத்தின் உள்ளடக்கத்திற்கு வருவோம். இந்தியாவில் ஊட்டவுணவு ஆராய்ச்சி பிறந்த ஊர் குன்னூர். 1918இல் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவர் செய்த சோதனைகளுள் ஒன்று புகழ் பெற்றது. வெள்ளெலிகளைக் கூட்டங் கூட்டமாகப் பிரித்து, சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடியர், வங்காளியர், மதராஸியர் உண்ணும் உணவு வகைகளை ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஊட்டி வளர்த்தார். சீக்கிய உணவு உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. கடைசி இடம், நேயர்களே, மதராஸி எலிகளுக்கு!

தீட்டிய அரிசியையே நம்பி, பாலும் கீரையும் குறைந்த உணவு நலந் தராது என்று அவர் கண்டது மெய்யே. பிழை அந்த உணவிற்கு இட்ட பெயரில் இருக்கிறது. படைக்கு ஆள் சேர்த்தோர் வீர சாதியென்றும் மற்றோரென்றும் மக்களைப் பிரித்து வைத்திருந்த காலம் அது. வறுமையும் அரிசி ஆலையும் செய்த குறை ஒரு மாநிலத்தாரின் குறையாகப் பெயர் பெற்றது. அன்றைய சென்னை ராஜதானியிலேயே, பெரிபெரி மிகுந்திருந்தது ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வடசர்க்கார் ஜில்லாக்களில். புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அந்நோய் அரிது. நெல்லை அவிக்கும்போது உமியை ஒட்டிய சத்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. இரண்டு அரிசிகளையும் ஒரே பெயரால் அழைத்தால் இவ்வுண்மை எங்ஙனம் விளங்கும்? மக்காரிசனுக்குப் பின் 1935இல் தலைமை ஏற்ற அய்க்ராய்டு, அவித்தலின் நன்மையைத் தெளிவுபடுத்தினார். குன்னூர் ஆராய்ச்சிசாலை 1958இல் ஐதராபாத்திற்கு மாறியது. அங்கே நெடுங்காலம் இயக்குநராய் விளங்கிய டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். அந்நிலையம் 2017இல் வெளியிட்ட அட்டவணை 528 உணவுப் பொருள்களின் சத்துக்களை அளந்து கூறுகிறது.

அளந்தவை இத்தனை இருக்க, சுவரில் தொங்கும் படங்களில் எத்தனை ஏறுகின்றன? வடநாட்டு நகரம் ஒன்றில், நம்மவர் குடியிருப்பை அடுத்த ஒரு நிலையத்தில் நான் கண்ட படத்தில் பாலும் கோதுமை ரொட்டியும் ஆப்பிளும் இருந்தன. கேழ்வரகும் முருங்கைக்கீரையும் கருவாடும் இல்லை. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவே. ஏழை உண்பது சத்தற்றது என்று சொல்லாமற் சொல்லும் படத்தின்முன் அமர்ந்த தாய், தன் அடுப்பங்கரையை நினைத்து நாணுவாளேயன்றிக் கற்க மாட்டாள். 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடிய பின், அதே கேழ்வரகு பெருங்கடைகளில் பளபளக்கும் பையில் ஏறியிருப்பது வேறு வேடிக்கை. முட்டை பற்றிய பூசலும் இவ்வகையதே. உண்ணாதவர் பொருட்டு உண்பவர்க்கும் மறுப்பதா, உண்ணாதவர்க்கு வேறொன்று தருவதா என்பதே கேள்வி. உண்ணாதவர்க்கு வாழைப்பழம் தரும் வழியைத் தமிழ்நாடு கைக்கொண்டது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய வேண்டும் என்று 1956இல் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு கூறுகிறது. தாய்க்கு அளிக்கும் பாடம் எம்மொழியில் அமைய வேண்டும் என்பது பற்றி அப்பிரிவில் ஒன்றும் இல்லை. மராத்தியிலோ குஜராத்தியிலோ சொல்லப்படும் அறிவுரையைப் புதிதாய் வந்த தமிழ்ப் பெண் தலையசைத்துக் கேட்டுவிட்டுத் திரும்புகிறாள். பதிவேட்டில் அவளும் கற்றவளாகவே எழுதப்படுகிறாள். அங்கன்வாடிப் பணியாளர் அவ்விடத்துப் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. ஆகையால், தமிழர் செறிந்த குடியிருப்பில் தமிழறிந்த பெண்ணொருத்தி அப்பணிக்கு விண்ணப்பிப்பதற்குத் தடை எதுவும் அவ்விதியில் இல்லை.

நிலையமே இல்லாத குடியிருப்புகளுக்கும் வழி உண்டு. வறுமைக்கோட்டு அட்டையைத் தகுதியாகக் கேட்கலாகாது என 2004 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2006 டிசம்பர் 13ஆம் நாள் ஆணையில், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வாழும் பகுதிகளில் முதலில் நிலையங்களை அமைக்கச் சொன்னதோடு, ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகள் நாற்பதுபேர் இருந்தும் நிலையம் இல்லாத சிற்றூரும் நகரச் சேரியும் ஒன்று வேண்டுமெனக் கேட்டால், மூன்று மாதங்களுக்குள் அமைத்துத் தரவேண்டும் என்றும் விதித்தது. விண்ணப்பத்துடன் குழந்தைகளின் பெயர்ப் பட்டியலையும் இணைத்துக் கொடுப்பது நலம். அதனை ஆயத்தம் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.