தூதரின் வழிச்செலவு

ஒரு தூதர் யாருடைய ஆள் என்றறிய, அவர் கொண்டுவரும் கடிதத்தின் முத்திரையைப் பார்த்தால் மட்டும் போதாது; வழிச்செலவைக் கொடுத்தவர் யார் என்றும் பார்க்கவேண்டும்.

1615-இல் சூரத்தில் வந்திறங்கிய சர் தாமஸ் ரோ, ஜஹாங்கீரின் அவைக்கு ஆங்கிலேய அரசர் முதலாம் ஜேம்ஸ் அனுப்பிய தூதர். கடிதம் அரசருடையது, கப்பலும் ஊதியமும் கிழக்கிந்தியக் கம்பெனியுடையவை. ஆண்டுக்கு 600 பவுண்டு; அதிலும் பாதி கம்பெனியின் பங்கு முதலுக்கே திரும்பிவிடும். மதகுருவுக்கும் மருத்துவருக்கும் தனிச் சம்பளம் உண்டு. மனைவிக்குக் கப்பலில் இடமில்லை. புறப்படுமுன் அவர் மறைவாக மணந்திருந்த எலினோர், 1619 வரை இங்கிலாந்திலேயே காத்திருந்தார்.

1621-இல் ரோ மீண்டும் தூதரானார், இம்முறை கான்ஸ்டான்டிநோபிளுக்கு. அங்கும் செலவு ஒரு வணிகக் குழுவுடையதே: லெவண்ட் கம்பெனி. ஆனால் எலினோர் உடன் சென்றார். அரசர் அவரே, தூதரும் அவரே. படியளந்த கை மட்டுமே வேறு.

தூதருடன் வாழும் குடும்பத்தாருக்கும் பாதுகாப்பு உண்டென்று 1961-இன் வியன்னா உடன்படிக்கை கூறுகிறது. வழிச்செலவை அது அனுப்பும் அரசின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. இன்றைய பயணப்படி விதிகளில் 'குடும்பத்தினர்' என்ற வறண்ட சொல்லைக் காணும்போதெல்லாம், கரையில் நின்ற எலினோர்தான் நினைவுக்கு வருகிறார்.