செருப்புத் தோலும் இரும்புத் தட்டும்

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கும் பாதையில், மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், என் காரின் பிரேக் என்னைக் கைவிட்டது. அறுந்து போகவில்லை, எண்ணெய் ஒழுகவில்லை. மிதித்தேன், மிதி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே போய்க் கல்லாக நின்றது, வண்டி மட்டும் நிற்கவில்லை. பக்கத்தில் என் பெண், ஒன்பது வயது, மடியில் தேன் பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “அப்பா, ஏதோ கருகுதே?” என்றாள்.

அடுத்த வளைவுக்குள் கியரைக் குறைத்து, கை பிரேக்கைப் பல் பல்லாக இழுத்து, இடப்பக்க மண்மேட்டில் உரசி எப்படியோ நிறுத்தினேன். மட்கார்டு நசுங்கியதோடு போயிற்று. வலப்பக்கம் என்ன இருந்தது என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரை மணி கழித்து மிதித்துப் பார்த்தால், பிரேக் ஒன்றும் அறியாத குழந்தை மாதிரி கச்சிதமாகப் பிடித்தது!

கார் என் தாய்மாமனுடையது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1959ல் இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனியார் வெளியிட்டது. உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் நம்மவர்கள் செய்தார்கள். முன்புறமாகக் கவிழ்ந்து திறக்கும் மூடியும், இருபத்தைந்தடி வட்டத்தில் திரும்பிவிடும் லாகவமும் பார்த்தவர்களைச் சொக்க வைத்தன. சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடியிருக்கின்றன. ஓடியதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எப்படி நின்றது என்று கேட்பாரில்லை. எனக்கும் அன்றுவரை கேட்கத் தோன்றவில்லை.

கள்ளக்குறிச்சியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாய் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். “கட்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. டிரம்மு நீலம் பூத்திருக்கு, பாத்தீங்களா? டாப்பிலே போட்டுக்கிட்டு மலை இறங்கினீங்களா?”

நான் பதில் சொல்லவில்லை. அதுவே பதில்.

கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றவன் நான். ஆனாலும் பௌதிக வாத்தியார் சொன்ன ஒரு கணக்கு மறக்கவில்லை. ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள வண்டி 600 மீட்டர் உயரத்திலிருந்து அடிவாரத்துக்கு வந்து நின்றால், அந்த உயரம் முழுவதும் எங்கேயாவது சூடாக மாறியாக வேண்டும். அத்தனையும் பிரேக்கில் இறங்குமானால், இருபது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரைக் குறைத்தால் இன்ஜின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். டாப்பில் வந்தால் எல்லாம் அந்த நாலு இரும்புச் சட்டிகளின் தலையில்!

பிரேக்கின் சரித்திரத்தைத் தேடிப் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் ஆறுதலாக இருந்தது. என்னைப் போல் இறக்கத்தில் பயந்தவர்கள்தான் அதை வளர்த்திருக்கிறார்கள்.

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மாள், கணவரிடம் சொல்லிக்கொள்ளாமல், இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, அவர் செய்த மோட்டார் வண்டியை மான்ஹைமிலிருந்து தன் தாய்வீடு இருந்த போர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிப் போனாள். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்து போயிற்று. வழியில் செருப்புத் தைக்கிறவர் ஒருவரைப் பிடித்து, கட்டையின் மேல் தோலை ஆணியடித்துத் தரச் சொன்னாள். உலகத்தின் முதல் பிரேக் லைனிங் அதுதான் என்கிறார்கள். பட்டறையில் உட்கார்ந்திருந்த கணவருக்கு அது தோன்றவில்லை. மலையில் இறங்கிய மனைவிக்குத் தோன்றியது.

இங்கிலாந்திலும் இதே கதை. டெர்பிஷயர் மலைப்புறத்துக் குடியானவர்கள், குதிரை வண்டியின் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸின் தோலை வைத்துக் கட்டி இறங்குவதை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கவனித்தார். 1897ல் அதையே தொழிலாக்கினார். ஃபெரோடோ என்ற பெயர் அப்படிப் பிறந்தது. பிற்பாடு தோலின் இடத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. சூட்டைத் தாங்கியது, ஆனால் அதன் தூசு நுரையீரலுக்கு யமன் என்பது தெரிய வெகுகாலம் ஆயிற்று. அதுவரை எத்தனை மெக்கானிக்குகள் டிரம்மை வாயால் ஊதிச் சுத்தம் செய்தார்களோ!

1902ல் ஒரு வேடிக்கை. பிரான்ஸில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் கொண்டு வந்தார். அதே வருஷம் இங்கிலாந்தில் லான்செஸ்டர், சுழலும் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். ஜெயித்தது டிரம். காரணம் இருக்கிறது. டிரம் சுழலும்போது முன்கட்டையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். காலுக்குப் பாதி வேலை மிச்சம். டிஸ்க்குக்குக் காலின் பலம் முழுவதும் வேண்டும். அதோடு, கவ்விப் பிடிக்கத் தகுந்த பொருளும் அன்று கிடைக்கவில்லை.

டிரம்மின் வஞ்சகம் சூட்டில்தான் தெரியும். கட்டை உள்ளேயிருந்து வெளிப்புறமாக அழுத்துகிறது. சூடேறினால் டிரம் விரிந்து கட்டையை விட்டு விலகுகிறது. மூடிய பானைக்குள் இருக்கும் சூடு வெளியேறவும் வழியில்லை. லைனிங் வழவழத்துப் போகிறது. தட்டோ திறந்த வெளியில் காற்று வாங்குகிறது. சூடேறிப் பருத்தாலும் கவ்வும் கட்டையின் பக்கமே பருக்கிறது. இவ்வளவுதான் வித்தியாசம். இதை உலகம் ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டு பிடித்தது. 1953ல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் டிஸ்க்கோடு ஜெயித்த பிறகுதான் கம்பெனிகள் கண் விழித்தன. 1955ல் சித்ரோன் டிஎஸ் காரின் முன்சக்கரங்களில் அது வந்துவிட்டது.

இங்கேதான் எனக்கு ஆதங்கம். 1961லேயே இங்கிலாந்து ஹெரால்டுக்கு முன் டிஸ்க், வேண்டுமென்றால் தனிக் காசுக்குக் கிடைத்தது. 1962ல் அதே அடிச்சட்டத்தைக் குறுக்கிச் செய்த ஸ்பிட்ஃபயர் டிஸ்க்கோடுதான் பிறந்தது. அதே 1962ல் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது. ஆனால் நம் ஹெரால்டு கடைசிவரை டிரம்மோடுதான் வந்தது. அயல்நாட்டுச் சாமானுக்கு அனுமதிச் சீட்டு தேடி அலைந்த காலம் அது. யாரைக் குற்றம் சொல்ல? கல்வராயன் மலையே 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அங்கே கார் இறங்கும் என்று அன்று யார் நினைத்தார்கள்?

நல்ல வேளையாக ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் பங்காளிகள். முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த துண்டு இரண்டுக்கும் ஒத்துப்போகும். ஒன்பது அங்குலத் தட்டு, காலிப்பர், அதைப் பிடிக்கும் இரும்புக் கை, புது ஹப், ஹோஸ் எல்லாம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகவே விற்கிறார்கள். பார்சல் வந்தது. விலையை வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

மாட்டிய முதல் நாள், மிதிக்காமலே பிரேக் பிடித்துக்கொண்டு நின்றது. பாய் தலையைச் சொறிந்தார். மறுநாள் அவரே கண்டுபிடித்தார்: பழைய மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சின்ன வால்வு. டிரம்முக்காகக் குழாயில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைப்பது. டிஸ்க்குக்கு அது ஆகாது. வால்வை எடுத்தோம். பிரேக் ஆயிலும் புதிது ஊற்றினோம். பழையது காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். சூட்டில் கொதித்து ஆவியானால் மிதி பஞ்சாகிவிடும். பின்சக்கரங்களில் டிரம்மையே விட்டுவிட்டோம். பின்சக்கரம் முந்திக்கொண்டு இறுகினால் வண்டி பம்பரமாகிவிடும் என்று பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மாமாவுக்கு மட்டும் சம்மதமில்லை. எண்பத்திரண்டு வயது. “நான் இத்தனை வருஷம் அந்த டிரம்மோடதானே ஓட்டினேன் மாப்பிள்ளே? எந்தக் கியரிலே ஏறினியோ அந்தக் கியரிலே இறங்குன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டியா?” என்றார். கழற்றிய டிரம் இரண்டையும் துடைத்துத் தன் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் அழைத்துக்கொண்டு வெள்ளிமலை போனேன். பெண் பின்சீட்டில். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் மாமாவின் வலது கால் தரையை மிதித்ததைப் பார்த்தேன். எனக்கும் மிதி கனமாகத்தான் இருந்தது. ஆனால் மிதித்த அளவுக்கு வண்டி நின்றது. மண்மேடு உரசிய இடம் வந்ததும் பெண், “இங்கேதாம்ப்பா!” என்று உரக்கச் சொன்னாள். மாமா திரும்பி அவளைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

கோமுகி அணைப் பக்கம் நிறுத்தினேன். மாமா மெல்ல இறங்கி, வேட்டியை மடித்துக்கொண்டு முன்சக்கரத்தின் அருகே குனிந்து முகர்ந்தார்.

“கருகல் வாசனை இல்லே” என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, “எந்தக் கியரிலே வந்தே?”

“செகண்டிலே, மாமா.”

“அப்புறம் எதுக்குடா அத்தனை பணம்?” என்று கேட்டுவிட்டு, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நடந்தார்.