நடுக்கோட்டுக்கு அப்பால்: பயிற்றுநர் பாட் சம்மிட்

விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் எண்களாலேயே எழுதப்படுகிறது. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழக மகளிர் கூடைப்பந்து அணிக்கு 1974 முதல் 2012 வரை முப்பத்தெட்டுப் பருவங்கள் பயிற்றுநராக விளங்கிய பாட் சம்மிட்டைப் பற்றிய குறிப்புகளும் அவ்வாறே தொடங்கும்: 1098 வெற்றிகள், 208 தோல்விகள், எட்டு தேசியப் பட்டங்கள். ஆனால் சாதனை எண்கள் என்றேனும் ஒருநாள் முறியடிக்கப்படுபவை. மகளிர் அணிப் பயிற்றுநர்களில் ஸ்டான்ஃபோர்டின் தாரா வான்டெர்வீர் 2020 டிசம்பரில் அந்த வெற்றிக் கணக்கைக் கடந்தார். அவரையும் கனெக்டிகட்டின் ஜீனோ ஆரியெம்மா 2024 நவம்பரில் கடந்தார். எண் கைமாறிய பின்னும் சம்மிட்டிடம் எஞ்சி நிற்பது எது? இக்கட்டுரை தேட முற்படுவது அதைத்தான்.

அதற்கு முதலில் ஒரு கோட்டின் கதையை அறிய வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்ப்ரிங்ஃபீல்டு நகரில் 1891-ஆம் ஆண்டின் இறுதியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். அருகிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த செண்டா பெரன்சன், மறு ஆண்டே அதைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். ஆயினும் விதிகளை அவர் மாற்றியமைத்தார். களம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. எவரும் தத்தம் பகுதியை விட்டு வெளியேறலாகாது. எதிரியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கலாகாது. மிகையான ஓட்டத்தைப் பெண்ணுடல் தாங்காது என்று மருத்துவர்களும் நம்பிய காலம் அது. பெரன்சனைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அந்தச் சமரசம் இல்லாதிருப்பின், அன்றைய கல்லூரிகள் பெண்களின் கையில் பந்தைக் கொடுத்திருக்குமா என்பதே ஐயம்.

எனினும், சமரசமாக வரையப்பட்ட கோடு பின்னர் மரபாக இறுகிவிட்டது. 1938-இல் மூன்று பகுதிகள் இரண்டாயின; அணிக்கு அறுவர் என்றானது. மூவர் ஒரு பாதியில் நின்று பந்தைக் கூடையில் இடுவர். மற்ற மூவர் மறுபாதியில் நின்று தடுப்பர். நடுக்கோட்டை எவரும் தாண்டலாகாது. தடுப்பாட்டக்காரியாக நிறுத்தப்பட்ட பெண், பள்ளிப் பருவம் முழுவதும் ஒரு முறையேனும் கூடையை நோக்கிப் பந்தை எறியாமலே ஆடி முடிக்கக்கூடும். 1971-இல் கல்லூரிப் பெண்கள் ஐவர் ஆட்டத்திற்கும் முழுக்களத்திற்கும் மாறிய பின்னரும், டென்னசி, அயோவா, ஓக்லஹோமா போன்ற மாநிலங்களின் பள்ளிகள் பழைய கோட்டை விடவில்லை. அயோவா 1993 வரையிலும் ஓக்லஹோமா 1995 வரையிலும் அதைக் காத்து நின்றன.

இந்த டென்னசியில்தான், கிளார்க்ஸ்வில் பகுதியின் வேளாண் குடும்பமொன்றில், 1952 ஜூன் 14 அன்று பாட்ரீஷியா ஸூ ஹெட் பிறந்தார். மாடு கறப்பதும் புகையிலைப் பயிருக்கு உழைப்பதும் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமான வேலை என்று அவ்வீட்டில் எவரும் கருதவில்லை. மாலையில் வைக்கோல் பரணில் மூன்று அண்ணன்மாருடன் அவர் பந்தாடினார். உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்குக் கூடைப்பந்து அணி இல்லை என்றறிந்ததும், கண்டிப்புக்குப் பெயர்போன தந்தை குடும்பத்தையே பெண்கள் அணியுள்ள பள்ளியின் எல்லைக்குக் குடிபெயர்த்தார். ஆனால் கல்லூரி வாசலில் வேறு நியதி காத்திருந்தது. அண்ணன்மாருக்கு விளையாட்டு உதவித்தொகை கிடைத்தது. பெண்களுக்கு அப்படியொன்று இல்லாததால் தங்கைக்குப் பெற்றோரே கட்டணம் செலுத்தினர்.

1972-இல் நிறைவேறிய கல்விச் சட்டத் திருத்தத்தின் ஒன்பதாம் பிரிவு, அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் வேறுபாட்டைத் தடை செய்தது. ‘டைட்டில் நைன்’ என்று இன்றும் அழைக்கப்படும் அச்சட்டம் ஏட்டில் இருந்ததேயன்றி, விளையாட்டுத் திடலுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன. 1974-இல் நாக்ஸ்வில் நகரிலுள்ள டென்னசி பல்கலைக்கழகத்தில் முதுகலை பயிலவும் துணைப் பயிற்றுநராகப் பணியாற்றவும் வந்த பாட், தலைமைப் பயிற்றுநர் விடுப்பில் சென்றமையால் இருபத்திரண்டாம் வயதிலேயே அப்பொறுப்பை ஏற்க நேர்ந்தது. மாதம் 250 டாலர் ஊதியம். வேனை ஓட்டுவதும் சீருடைகளைத் துவைப்பதும் பயிற்றுநரின் பணிகளாக இருந்தன. சீருடை வாங்குவதற்கான பணமே டோனட் விற்றுத் திரட்டப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த முதல் ஆட்டத்தில் அவரது அணி மெர்சர் பல்கலைக்கழகத்திடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது.

அவர் அப்போது ஆட்டக்காரியும்தான். முழங்கால் காயத்திலிருந்து மீண்டு, 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாக மகளிர் கூடைப்பந்து சேர்க்கப்பட்டபோது, அமெரிக்க அணியின் இணைத்தலைவியாக வெள்ளிப் பதக்கம் பெற்றார். எட்டாண்டுகளுக்குப் பின் லாஸ் ஏஞ்சலஸில் அவரிடம் பயின்ற அமெரிக்க அணி தங்கம் வென்றது.

உலக அரங்கில் ஆடித் திரும்பியவருக்குச் சொந்த மாநிலத்துப் பள்ளிகளின் அரைக்களம் எவ்வாறு தோன்றியிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. ஓக் ரிட்ஜ் பள்ளி மாணவி ஒருவர் அவ்விதியை எதிர்த்து 1976-இல் வழக்குத் தொடுத்தார். தடுப்பாட்டம் மட்டுமே ஆடும் பெண்ணைக் கல்லூரிகள் உதவித்தொகை தந்து அழைக்கமாட்டா என்பது அவரது வாதம். கீழ்நீதிமன்றம் அதை ஏற்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1977-இல் தள்ளுபடி செய்தது. சம்மிட் அரைக்கள ஆட்டத்திற்கு எதிராக வெளிப்படையாகப் பேசினார். மாநிலத்தின் முதன்மைப் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் அவ்வாறு பேசும்போது பள்ளிகள் செவிமடுக்காதிருக்க இயலாது. வழக்கு தோற்றாலும் 1970-களின் முடிவில் டென்னசிப் பள்ளிகளில் அந்தக் கோடு அழிந்தது. எண்களுக்கு அப்பால் எஞ்சுவது எது என்ற கேள்விக்கு எனது முதல் விடை இதுவே.

இரண்டாவது விடை வகுப்பறையைச் சார்ந்தது. அவரது கண்டிப்பு கடுமையானது. அந்தக் கூர்த்த பார்வை நாடறிந்தது. அதைத் தாங்காமல் விலகிச் சென்ற பெண்களும் உண்டு. ஆனால் அக்கண்டிப்பு களத்தோடு நிற்கவில்லை. வகுப்பில் முதல் மூன்று வரிசைகளில் அமர வேண்டும், வகுப்பைத் தவிர்க்கலாகாது என்பது அணியின் விதி. டென்னசியில் தம் ஆட்டக்காலத்தை முழுமையாக முடித்த அவரது வீராங்கனைகள் அனைவரும் பட்டம் பெற்றனர். முதல் தேசியப் பட்டத்திற்காக அவர் 1987 வரை பதின்மூன்று பருவங்கள் காத்திருக்க நேர்ந்ததை நினைவுகூர்ந்தால், வெற்றிக்காகப் படிப்பை விட்டுக்கொடுக்காமையின் பெறுமதி விளங்கும்.

பின்னர் வெற்றிகள் குவிந்தன. 1996, 1997, 1998 எனத் தொடர்ந்து மூன்று பட்டங்கள். அவற்றில் இறுதிப் பருவத்தில் 39 ஆட்டங்களில் ஒரு தோல்வியும் இல்லை. டோனட் விற்ற அணியின் ஆட்டத்தைக் காண 2006-இல் 24,000-க்கும் மேற்பட்டோர் திரண்டனர். அதே ஆண்டில் அவரது ஊதியம் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. மகளிர் அணிப் பயிற்றுநர் எவருக்கும் அதற்குமுன் அத்தொகை கிட்டியதில்லை. தம் பல்கலைக்கழகத்தின் ஆடவர் அணிப் பொறுப்புக்கு இருமுறை அவர் பெயர் அடிபட்டபோது, அதை ஏன் பதவி உயர்வாகக் கருத வேண்டும் என்ற பொருளில் மறுத்துவிட்டார்.

இங்கு ஒரு முரணையும் குறிப்பிட்டாக வேண்டும். 1972-க்கு முன் கல்லூரி மகளிர் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேலானவற்றைப் பயிற்றுவித்தவர்கள் பெண்கள். பணமும் புகழும் வந்ததும் ஆண்களும் வந்தனர். அவ்விகிதம் பாதிக்கும் கீழே சரிந்தது. பெண்களே நடத்திய கல்லூரி மகளிர் விளையாட்டுச் சங்கம், ஆடவர் விளையாட்டை ஆண்டுவந்த என்.சி.ஏ.ஏ. 1982-இல் மகளிர் போட்டிகளையும் நடத்தத் தொடங்கியதும் கலைந்துபோனது. பல பல்கலைக்கழகங்களில் மகளிர் விளையாட்டுத் துறைகள் ஆடவர் துறைகளுக்குள் கரைந்தன. டென்னசியிலோ மகளிர் துறை 2012 வரை தனித்து நின்றது. அது இணைக்கப்பட்டதும் சம்மிட் விலகியதும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. சட்டம் திறந்துவிட்ட கதவின் வழியே யார் நுழைகிறார்கள் என்பதைச் சட்டம் கவனிப்பதில்லை. அதைக் கவனிக்க அங்கே ஒருவர் நின்றாக வேண்டும். முப்பத்தெட்டு ஆண்டுகள் அவர் அங்கே நின்றார் என்பது எனது மூன்றாவது விடை.

2011 ஆகஸ்டில், ஐம்பத்தொன்பதாம் வயதில், தமக்கு முதுமைக்கு முன்னரே தோன்றும் அல்சைமர் நோய் கண்டிருப்பதை அவரே அறிவித்தார். மறைந்துகொள்ள முற்படாமல், துணைப் பயிற்றுநர்களின் உதவியுடன் மேலும் ஒரு பருவம் அணியை நடத்தினார். அந்நோயின் ஆராய்ச்சிக்காக அறக்கட்டளை தொடங்கினார். 2012 ஏப்ரலில் விலகியபோது, முன்பு அவரிடம் ஆடி, பின் இருபத்தேழு ஆண்டுகள் அவருக்குத் துணைநின்ற ஹாலி வார்லிக் பொறுப்பேற்றார். 2016 ஜூன் 28 அன்று, அறுபத்து நான்காம் வயதில், சம்மிட் காலமானார்.

இன்று டென்னசிப் பள்ளியொன்றில் பந்தைத் தட்டியபடி களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் சிறுமிக்கு, நடுவிலிருக்கும் கோடு வெறும் வண்ணப்பூச்சாகவே தெரியும். அதைத் தாண்டுவது ஒரு காலத்தில் விதிமீறலாக இருந்தது என்பதை அவள் அறிந்திருக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஆயின் வரலாற்றைப் படிக்கும் நமக்கு அந்த அவசியம் உண்டு.