ஜெரமி பிரவுனும் 35-வது இடமும்

அமெரிக்க பேஸ்பாலில் 'டிராஃப்ட்' என்று வருடா வருடம் ஒன்று நடக்கும். 1965-ல் ஆரம்பித்த முறை. பள்ளி முடித்தவர்கள், கல்லூரியில் ஆடுகிறவர்கள் என்று எல்லோரிலிருந்தும் அணிகள் வரிசைப்படி ஆள் எடுக்கும். தேர்வானவுடன் பெரிய லீகில் ஆடிவிட முடியாது. மைனர் லீகில் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று படிப்படியாக ஏற வேண்டும். பெரும்பாலானவர்கள் பாதியிலேயே நின்றுவிடுவார்கள். யார் மேலே வருவார் என்று முன்கூட்டியே எப்படிச் சொல்வது? மேட்டரே இதுதான்.

பழைய முறை சிம்பிள். 'ஸ்கவுட்' மைதானத்துக்குப் போய்ப் பார்ப்பார். உயரம், உடற்கட்டு, ஓட்டம், மட்டை வீச்சு... 1980-ல் நியூயார்க் மெட்ஸ் அணி பில்லி பீன் என்ற பள்ளி மாணவரை இப்படித்தான் முதல் சுற்றிலேயே எடுத்தது. பெரிய லீகில் அவர் ஆடியது 148 ஆட்டங்கள். பேட்டிங் சராசரி .219. அவ்வளவுதான்!

அதே பீன் பிறகு ஓக்லண்ட் அணியின் பொது மேலாளர் ஆனார். 2002 டிராஃப்டில் அவரும் உதவியாளர் பால் டிபொடெஸ்டாவும் ஆளை விட்டுவிட்டுக் கல்லூரிக் கணக்கைப் பார்த்தார்கள். பள்ளிப் பையன் எப்படிப்பட்ட பந்துவீச்சை அடித்தான் என்பதே தெரியாது. கல்லூரியில் மூன்று வருடக் கணக்கு கையில் இருக்கும். குறிப்பாக 'வாக்' எத்தனை என்று பார்த்தார்கள். (நாலு மோசமான பந்தை அடிக்காமல் விட்டால் முதல் பேஸ் இலவசம். பொறுமைக்குப் பரிசு!)

அப்படி 35-வது ஆளாக எடுக்கப்பட்டவர் அலபாமா பல்கலைக்கழக கேட்சர் ஜெரமி பிரவுன். குண்டு உடம்பு என்று மற்ற அணிகள் ஒதுக்கியவர். 3,50,000 டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். 2003-ல் வந்த 'மணிபால்' புத்தகம் அவரை ஊரறியச் செய்தது. கடைசியில் 2006-ல் 5 ஆட்டங்கள், 10 முயற்சியில் 3 ஹிட். 2008-ல் ஓய்வு. "பார்த்தீர்களா, எண்ணாவது மண்ணாவது" என்று சிரித்தவர்கள் உண்டு.

ஆனால் அதே டிராஃப்டில் ஓக்லண்ட் 16-வதாக எடுத்த நிக் ஸ்விஷர், ஒஹையோ ஸ்டேட் மாணவர், 245 ஹோம் ரன் அடித்தார். இன்னொரு பக்கம், 'வாக்' வாங்குவதில் பிற்காலத்தில் பேர்போன ஜோயி வாட்டோ அன்றைக்குப் பள்ளி மாணவர். ஓக்லண்ட் தாண்டிப்போன அவரை 44-வது இடத்தில் சின்சினாட்டி எடுத்தது. 2010-ல் நேஷனல் லீகின் எம்.வி.பி. அவர்தான்!

ஆக, எண்ணும் கண்ணைப் போலவே ஏமாற்றும். காமர்ஸ் மாணவன் பாஷையில் சொன்னால், அடிக்குறிப்பைப் படிக்காமல் பேலன்ஸ் ஷீட்டைப் படிக்கக் கூடாது. கல்லூரி ஆட்டக்காரரின் அடிக்குறிப்புகள் இவை:

1. மட்டை. 1974 முதல் கல்லூரியில் அலுமினிய மட்டைக்கு அனுமதி உண்டு. தொழில்முறை ஆட்டத்தில் மரமட்டைதான். அலுமினியத்தில் சரியாகப் படாத பந்தும் பறக்கும். 2011-ல் விதி கடுமையான பிறகு அந்த வீக்கம் குறைந்தது. கோடைக்கால கேப் காட் லீகில் 1985 முதல் மரமட்டை என்பதால் அந்தக் கணக்குக்குத் தனி மதிப்பு.

2. எதிரணி. பலவீனமான பந்துவீச்சை அடித்த .400-ஐவிட பலமானதை அடித்த .330 மேல்.

3. வயது. 22 வயதுக்காரர் ஏ லீகில் 19 வயதுப் பையன்களை விளாசுவது பெரிய விஷயமில்லை. டபுள் ஏ-யில்தான் சாயம் நிற்கிறதா என்று தெரியும்.

பிரவுனைத் தோல்வி என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. டிராஃப்டில் தேர்வாகி ஒரே ஒரு பெரிய லீக் ஆட்டம்கூட ஆடாதவர்கள் ஏராளம். அவருக்குக் கொடுத்த விலையும் குறைவு. ஒருவர் ஜெயிக்கவில்லை என்பதற்காகக் கணக்கே தப்பாகிவிடாது. ஒரு ஸ்விஷர் ஜெயித்ததால் அது வேதவாக்கும் ஆகிவிடாது. பீன் விஷயத்தில் உடம்பை மட்டும் பார்த்து ஏமாந்தார்கள். எண்ணை மட்டும் பார்த்தாலும் கதி அதேதான்.