வாயில் அடைபட்ட காலத்தில் தோட்டத் தொழிலாளர் நிலை

பாசிர் கூடாங் என்றதும் இன்று துறைமுகமும் தொழிற்சாலைகளும் நினைவுக்கு வரும். 1977-இல் ஜொகூர் துறைமுகம் இயங்கத் தொடங்குமுன், இம்மாநிலத் தமிழர் பலர்க்கும் இரப்பர்த் தோட்டமே உலகமாக இருந்தது. அவர்தம் கூலியின் ஏற்றத் தாழ்வு இரப்பர் விலையை மட்டுமன்றி, நாட்டின் வாயில் திறப்பதையும் அடைபடுவதையும் பொறுத்ததாயிற்று.

1907-இல் அமைந்த குடியேற்ற நிதிக்குத் தோட்டத் துரைமார் கட்டணம் செலுத்தினர். அந்நிதியினால் தமிழகத் தொழிலாளர் இலவசமாகக் கப்பலேறினர். ஆட்கள் பெருகியமையால் கூலி உயர வழியில்லை. 1930-இல் இரப்பர் விலை வீழ்ந்தபோது ஆள்சேர்ப்பு நின்றது. பல்லாயிரவர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆயினும், வேலையே சுருங்கிவிட்டமையால் எஞ்சியோரின் கூலியும் குறைக்கப்பட்டது.

1938 மே மாதத்தில், ஆடவர்க்கு 50 காசும் பெண்டிர்க்கு 40 காசுமாக இருந்த நாட்கூலியைத் துரைமார் முறையே 45, 36 காசுகளாகக் குறைத்தனர். ஜூன் 15 முதல் மலாயாவுக்குக் கூலியாட்களை உதவி கொடுத்து அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. கங்காணி ஆள்சேர்ப்பு அத்துடன் முடிவுற்றது. புதிய ஆட்களைக் காட்டிப் பழைய தொழிலாளரை அச்சுறுத்துதல் இனி எளிதன்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் ஊதிய உயர்வும் மானமும் வேண்டி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அரசாங்கம் படை கொண்டு அடக்கியது, தொழிலாளர் சிலர் மாண்டனர், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

முப்பதாண்டுகளுக்குப் பின், அவ்வாயில் ஈண்டிருந்த தமிழர்க்கே அடைபட்டது. 1968-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோரை வேலை பெர்மிட் பெறப் பணித்தது. 1969-க்குப் பின் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தது. நெடுங்காலம் பால் வெட்டியவரும் சிவப்பு அடையாள அட்டையினால் அயலாராயினர். ஏறத்தாழ 60,000 பேர் இந்தியா திரும்பினர் என்பர். குடும்பங்கள் பிரிந்தன. அவர்கள் விட்டுச் சென்ற இடம் எஞ்சியோர்க்கு உயர்ந்த கூலியாக மாறவில்லை. பின்னாளில் தோட்டங்கள் குத்தகையாளர் வழியே இந்தோனேசியத் தொழிலாளரை அமர்த்தின. 1984-ஆம் ஆண்டின் மேடான் உடன்பாடு அதற்கு முறையான வழி வகுத்தது.

வாயில் அடைபடுவது ஒன்றே உள்ளூர்த் தொழிலாளியை உயர்த்திவிடாது. ஒற்றுமையும் தொழிற்கல்வியும் முறையான ஆவணமும் உடன் நில்லாவிடின் பயன் பிறர்க்கே சேரும். திருவிழாவுக்குக் கூடும் அன்பர்தம் உற்றாரில் பிறப்புப் பத்திரமோ குடியுரிமையோ இன்றி எவரேனும் இருப்பின், அவரைத் தேசியப் பதிவு இலாகாவுக்கு அழைத்துச் செல்வது முன்னோர்க்கு ஆற்றும் நன்றிக்கடனாகும்.