ஒளிர்வுப் படமெடுப்பு, கணைய நுண்துளை அறுவையில்

கணையத்தின் வால்பகுதிக் கட்டியை நுண்துளை வழியே அகற்றும்போது, மண்ணீரலின் ரத்தக் குழாய்களைக் காக்க உதவும் உத்தி. இன்டோசயனின் கிரீன் என்னும் பச்சைச் சாயத்தை சிரைவழி ஊசியாக ஏற்றி, அகச்சிவப்புக் கேமராவில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பர்.

இச்சாயம் புகைப்படத் தொழில் ஈன்ற பிள்ளை; கோடக் நிறுவன ஆய்வுக்கூடத்தில் உருவானது. இதயம் வெளியேற்றும் ரத்தத்தை அளக்க, 1957இல் மேயோ கிளினிக்கின் இர்வின் ஃபாக்ஸும் எர்ல் வுட்டும் இதைப் பயன்படுத்தினர். ரத்தத்தில் ஆக்சிஜன் கூடினாலும் குறைந்தாலும் அளவீட்டைக் குழப்பாத சாயத்தைத் தேடியவர்களுக்கு, 800 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை உறிஞ்சும் இது வாய்ப்பாக அமைந்தது. அமெரிக்க அரசின் ஒப்புதல் 1959இல் கிடைத்தது. பின்னர் கல்லீரலின் திறனைச் சோதிக்கவும், விழித்திரைக்குப் பின்னுள்ள குழாய்களைப் படமெடுக்கவும் பயன்பட்டது.

மண்ணீரல் தமனி கணையத்தின் மேல்விளிம்பில் வளைந்து நெளிந்து ஓடுகிறது. மண்ணீரல் சிரை கணையத்தின் முதுகில் பதிந்து கிடக்கிறது. 1988இல் வார்ஷா என்னும் அறுவை மருத்துவர் இவ்விரண்டையும் வெட்டிவிட்டு, இரைப்பையை ஒட்டிய சிறு குழாய்களை நம்பி மண்ணீரலை விட்டுவைத்தார். 1996இல் ஜப்பானின் கிமுரா இரண்டையும் காத்துக் காட்டினார். மண்ணீரலின் ஒரு பகுதி மடிவதும், இரைப்பைச் சிரைகள் புடைப்பதும் வார்ஷா முறையில் நேரக்கூடியவை என்பதால், முடிந்தவரை கிமுரா முறையைப் பலர் விரும்புவர்.

25 மில்லிகிராம் பொடியைத் தூய நீரில் கரைத்து, அதில் சில மில்லிகிராம் மட்டும் செலுத்துவர். ஒரு நிமிடத்துக்குள் திரையில் தமனி ஒளிரும், அடுத்துச் சிரை. குழாயை வெட்ட நேர்ந்தாலும், மண்ணீரல் ஒளிர்கிறதா என்று பார்த்து அதை விட்டுவைக்கலாமா என முடிவெடுக்கலாம். சாயத்தைக் கல்லீரல் சில நிமிடங்களில் பித்தத்தில் கழிக்கத் தொடங்கிவிடும்; அதன் பின் மீண்டும் செலுத்தலாம். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழத்தில் புதைந்த குழாய் தெரியாது. அயோடின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எச்சரிக்கை தேவை.

கணைய நுண்துளை அறுவையில் தமிழகத்தின் பங்கு பெரிது. கணையத் தலைப்பகுதி அறுவையில் நுண்துளை முறையையும் திறந்த முறையையும் ஒப்பிட்டு, கோவை ஜெம் மருத்துவமனையின் பழனிவேலு குழு 64 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. அதில் மருத்துவமனையில் தங்கும் நாள் 13இலிருந்து 7ஆகக் குறைந்தது.  

கணைய அறுவையில் மண்ணீரலைக் காக்க முடியாமல் இழந்தவர்கள் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசிகளைத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.