சேதுக்கரையும் குடுமியும்

காசிக்குச் சென்றவன் இராமேசுவரத்துக்கும் வந்தாக வேண்டும் என்ற சம்பிரதாயத்தினால், தனுஷ்கோடி மணலைக் கங்கையில் சேர்த்துக் கங்கை ஜலத்தை இராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்விக்க எத்தனையோ தலைமுறை யாத்திரிகர்கள் சேதுக்கரையை மிதித்திருக்கிறார்கள். அவர்களுள் பலர், சமுத்திர ஸ்நானத்துக்கு முன் கரையிலே நாவிதரிடம் சிரசைக் குனிந்து கொடுத்தவர்கள். 1914-ல் பாம்பன் பாலத்தின்மீது ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, படகை நம்ப வேண்டிய அவசியமும் நீங்கிற்று.

அடைப்பத்தைப் பிரித்து, கிண்ணி நீரால் மயிரை ஊறவைத்து, இடக்கையால் தலையை அமர்த்தி, உச்சியிலிருந்து கத்தியை வழிக்கும் அந்தத் தொழிலாளியைப் போல மனிதத் தலையை அணுகிக் கண்டவர் வேறு எவருமிலர். நெற்றியோரம் இருபுறமும் பின்வாங்கி, உச்சி வட்டமாக வெளுத்து, காதுகளுக்கு மேலும் பிடரியிலும் மட்டும் லாடம்போல் முடி நிலைத்து நிற்கும் வழுக்கையின் ஒழுங்கு, அவர் கைக்குத் தினமும் பழகிய ஒன்று.

நம் முன்னோரோ முன்தலையை மழித்துப் பின்னால் குடுமி வைத்தார்கள். கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்கள் பலர் தலை முழுவதையும் மழித்துத் தொப்பி அணிந்தார்கள். வழுக்கை முதலில் விழும் இடத்தைத் தாமே வெறுமையாக்கிவிட்டு, பெரும்பாலும் கடைசிவரை நிலைக்கும் பின்தலை மயிரையே முடிந்துகொண்ட சமூகத்தில், இளமையில் முடி இழந்தவன் தனித்துத் தெரிய இடமேது? கிராப்பு பரவிய பிறகே வழுக்கை நம்மவர்க்குப் பெருங்கவலையாக வளர்ந்தது என்று உறுதியாக நினைக்கிறேன்.

பருவமெய்துமுன் விதை நீக்கப்பட்டவர்க்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், அவர்களுக்கு ஆண் ஹார்மோன் செலுத்தினால் வழுக்கைக் குடும்பத்தில் பிறந்தவர்க்கு முடி உதிர்கிறது என்பதையும் 1942-ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க அறிஞர் எடுத்துக்காட்டினார். டெஸ்டோஸ்டிரோன் என்னும் அந்த ஆண் ஹார்மோன், ஒரு நொதியின் செயலால் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாறி, பரம்பரையில் பலவீனப்பட்ட மயிர்க்கால்களைச் சுருக்குகிறது. பிடரி மயிர்க்கால்கள் அதற்கு அசைவதில்லை. முன்தலைக்குப் பெயர்த்து நட்டாலும் அவை தம் இயல்பை விடுவதில்லை என்பதை 1959-ல் நார்மன் ஓரென்ட்ரைக் வெளியிட்டார். குடுமியாக நின்ற மயிரே இன்று நாற்றாகப் பயன்படுகிறது!

மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும் மயிர், வளர்ந்த நாட்களின் ஹார்மோனைத் தன்னுள் தேக்கிக்கொள்வதால், வெட்டிய முடியிலேயே அதன் அளவை அறிய முடிகிறது. ஆயினும், வழுக்கையர் பலரின் ரத்தத்தில் ஆண் ஹார்மோன் மற்றவர்க்கு உள்ள அளவே இருக்கிறபடியால், அளவை மட்டும் கொண்டு ஒருவனுடைய தலையின் எதிர்காலத்தைக் கணிப்பது தகாது. தந்தையின் தலையோடு தாய்வழிப் பாட்டனின் தலையையும் பார்க்க வேண்டும். ஆண் ஹார்மோனை ஏற்கும் புரதத்துக்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் அமைந்திருப்பதால், அது மகனுக்குத் தாயிடமிருந்தே வருகிறது.